வாசகர் கேள்வி: மீன்கறியும் சிறுநீரகச் சோதனையும்

கேள்வி: என் கணவருக்கு வயது 55; நெடுநாள் சர்க்கரை நோயாளி. இரத்தத்தில் கிரியேட்டினின் 1.1 என்று வந்திருப்பதால் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்கிறார். ‘மெட்டபொலோமிக்ஸ்’ சோதனை பாதிப்பை முன்னதாகவே காட்டிவிடும் என்று படித்தேன். செய்துகொள்ளலாமா? சாளைக் கறியும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) இல்லாத நாளே எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் முடிவு மாறுமா?
– வாசகி, குளச்சல்

பதில்: கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள். ஆகவே வயது, பால், உடற்கட்டு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. வடிகட்டும் திறனைக் கணிக்கும் 2021-ஆம் ஆண்டின் சூத்திரப்படி (CKD-EPI), அதே 1.1 உங்கள் கணவருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (நிமிடத்துக்கு மில்லிலிட்டர் கணக்கில்) சுமார் 79 என்றும், 70 வயதுப் பெண்மணிக்குச் சுமார் 54 என்றும் காட்டும். இத்திறன் 60-க்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். அவருடைய 79-ம் முழு நிம்மதிக்கு இடந்தராது. ஏனெனில் சர்க்கரை நோயில், வடிகட்டும் திறன் குறையுமுன்பே சிறுநீரில் அல்புமின் என்னும் இரத்தப் புரதம் கசியத் தொடங்கிவிடுவதுண்டு.

மெட்டபொலோமிக்ஸ் என்பது இரத்தத்திலோ சிறுநீரிலோ உள்ள நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை, நிறைநிறமாலைமானி போன்ற கருவிகளைக் கொண்டு ஒரே முறையில் அளக்கும் ஆய்வு. இதுவரை அது நோயைக் கண்டறிவதைவிட, நோயைப் புரிந்துகொள்ளவே அதிகம் உதவியிருக்கிறது என்பது என் மதிப்பீடு. இண்டாக்ஸில் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: உணவுப் புரதத்திலுள்ள டிரிப்டோபேனைக் குடல் நுண்ணுயிரிகள் இண்டோலாக மாற்ற, கல்லீரல் அதை இண்டாக்ஸில் சல்பேட்டாக்க, சிறுநீரக நுண்குழல்கள் வெளியே தள்ளுகின்றன. சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்குகிறது. பெரும்பகுதி அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் டயாலிசிஸாலும் எளிதில் நீங்குவதில்லை. சிறுநீரக நோயில் குடலுக்கும் பங்குண்டு என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாகிறது.

உணவைப் பற்றிய உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. சிறுநீரகம் பழுதுபட்டால் இரத்தத்தில் கூடும் பொருள்களில் டிரைமெத்திலமைன் ஆக்சைடும் ஒன்று. ஆனால் அது கடல்மீன்களில் இயல்பாகவே உள்ளது. மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில், சிறுநீரகம் நன்றாயிருப்பவர்க்கும் அதன் அளவு உயரும். மரச்சீனியும் தன் பங்குக்கு, அதிலுள்ள சயனைடுச் சேர்மங்களை உடல் முறிக்கும்போது உண்டாகும் தயோசயனேட்டைச் சிறுநீரில் சேர்க்கும். முந்தைய நாள் உணவைக் கேட்டறியாமல், ஒற்றைப் பொருளின் அளவைக் கொண்டு நோயென்று முடிவுகட்டுவது ஆபத்து. (இதற்காக மீனைக் கைவிட வேண்டியதில்லை.)

எனவே அந்தச் சோதனைக்காக இப்போது செலவழிக்க வேண்டாம். வழக்கமான சிகிச்சையில் அதற்கு இன்னும் இடமில்லை. காலையின் முதல் சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போதும், கடும் உழைப்புக்கு மறுநாளும் வேண்டாம். அப்போது அல்புமின் தற்காலிகமாகக் கூடலாம். விகிதம் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால், அடுத்த சில மாதங்களில் மீண்டும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால், கிரியேட்டினின் 1.1-லேயே நின்றாலும், மருத்துவரிடம் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.