உர வாளி நாறுகிறதா? தூக்கிப் போட வேண்டாம்

வணக்கம். மூடிய வாளியில் மூன்று வாரமாகச் சேர்த்த காய்கறிக் கழிவு உரமாகாமல் அழுகிய முட்டையைப் போல நாறுவதாகவும், வீட்டார் அதைத் தூக்கிப் போடச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள், இதை எளிதில் சரிசெய்துவிடலாம்.

காய்கறித் தோலில் ஈரமும் நைட்ரஜனும் மிகுதி. காற்றுப் புகாத வாளியில் அது மட்டுமே குவியும்போது, ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிரிகள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களை வெளியிடுவதால்தான் அந்த நாற்றம் எழுகிறது. ஆகவே வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, கீழே ஒரு தட்டை வைத்து, உள்ளிருப்பதை நன்றாகக் கிளறி, கழிவைப்போல் இரண்டு மடங்கு காய்ந்த சருகையோ கிழித்த அட்டைப்பெட்டித் துண்டுகளையோ கலந்துவிடுங்கள். சருகிலும் அட்டையிலும் கார்பன் மிகுதி; கலவையில் கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிரிகள் செழித்து வேலை செய்யும். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள்: விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் கசிந்தால் ஈரம் சரியாக இருக்கிறது, ஒழுகினால் இன்னும் சருகு வேண்டும்.

ஈ மொய்ப்பதைத் தடுக்க, புதுக் கழிவை அவ்வப்போது சருகால் மூடினாலே பெரும்பாலும் போதும். இறைச்சியும் சமைத்த மிச்சமும் இப்போதைக்கு வேண்டாம். உண்மையில், மிஞ்சாமல் அளவாகச் சமைப்பதே உரமாக்குவதைவிட மேலானது. ஒரு வாரம் கழித்தும் நாற்றம் அடங்காவிட்டால், பிழிந்தபோது எவ்வளவு நீர் வந்தது என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.