மானிடவியல் படிக்கட்டும், 80,000 டாலர் கடன் மட்டும் வேண்டாம்

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு வாசகரின் கேள்வி: "எனக்கு வயது 51. மகள் மானிடவியல்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். அவளுக்குப் பிடித்த தனியார் கல்லூரியில் உதவித்தொகை எல்லாம் போக வருடத்துக்கு 20,000 டாலர் துண்டு விழுகிறது. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருக்கிறது, அங்கே 7,000 டாலர்தான். நான்கு வருடத்துக்கு 80,000 டாலர் கடன் வாங்கினால் அவள் சம்பளத்தில் கட்டி முடிக்க முடியுமா?"

வாங்காதீர்கள். ஆனால் இதற்குக் காரணம் மானிடவியல் இல்லை, அந்த 80,000-இல் பெரும்பகுதி உங்கள் பெயரில் வரப்போகிறது என்பதுதான்.

பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவருக்கு மத்திய அரசு அவர் பெயரில் தரும் கடன் முதல் வருடம் 5,500, அடுத்த வருடம் 6,500, பிறகு இரண்டு வருடமும் 7,500, ஆக மொத்தம் 27,000 டாலர். மீதி 53,000-ஐ நீங்கள் மத்திய அரசு பெற்றோர் பெயரில் தரும் 'பேரண்ட் பிளஸ்' கடனாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டுத் தனியார் கடன் எடுக்க வேண்டும். 2025-26 கல்வியாண்டில் மாணவர் கடனுக்கு வட்டி 6.39 சதவீதம், பேரண்ட் பிளஸ்ஸுக்கு 8.94. இந்த விகிதத்திலேயே வைத்துக்கொண்டு, படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமல், பத்து வருடத்தில் அடைப்பதாகக் கணக்குப் போட்டால் மகளின் பங்கு மாதம் சுமார் 305 டாலர், உங்கள் பங்கு சுமார் 670. தவணை அதிகமாக இருக்கிறதே என்று உங்கள் பங்கை 20 வருடத்துக்கு இழுத்தால் மாதம் 475 ஆகக் குறையும், ஆனால் வட்டி மட்டுமே 60,000 டாலரைத் தாண்டிவிடும், அதாவது வாங்கிய பணத்தைவிட வட்டி அதிகம். அவள் படிப்பை முடிக்கும்போது உங்களுக்கு 55 வயது. 75 வரை கட்டப் போகிறீர்களா?

இன்னொரு விஷயம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோருக்கு வருடம் 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. உங்கள் 53,000 அதற்குள் அடங்கிவிடுவதால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் வருமானத்துக்கு ஏற்பத் தவணை குறையும் திட்டம் அந்தப் புதிய பெற்றோர் கடனுக்குக் கிடையாது. நாளைக்கு உங்கள் வேலை போனாலும் தவணை அதே தவணைதான். மகள் பெயரில் உள்ள கடனுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, அதனால்தான் அவள் பெயரில் கிடைக்கும் 27,000-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறேன்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். இணையத்தில் தேடினால் மானிடவியலாளர், தொல்லியலாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்குக் கீழ்) சுமார் 64,900 டாலர் என்று 2024-க்கான அரசுப் புள்ளிவிவரம் கண்ணில் படும். இதை உங்கள் மகளின் முதல் சம்பளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதவிப் பெயரில் வேலை செய்பவர்கள் நாடு முழுக்கப் பத்தாயிரம் பேர்கூட இல்லை, அந்த வேலைக்குப் பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்பார்கள். இளங்கலையோடு நேரடியாகக் கிடைக்கும் துறை வேலை என்றால் அகழாய்வுக் களப் பணியாளர் வேலை. 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள சாலை, குழாய்ப்பாதை போன்ற திட்டங்கள் தொல்சின்னங்களைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதைச் செய்து தரும் தனியார் நிறுவனங்கள்தான் ஆள் எடுக்கின்றன. ஒரு கோடைக்காலக் களப்பயிற்சி இல்லாமல் அங்கே நுழைவது கஷ்டம், மணிக்கணக்கில் கூலி, ஒரு திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். பிடித்தவர்களுக்கு அருமையான வேலை, ஆனால் இரண்டு பங்கும் சேர்ந்த மாதம் 975 டாலர் தவணையைத் தாங்கக்கூடிய வேலை இல்லை.

மற்றவர்கள் பொதுச் சுகாதாரம், தொண்டு நிறுவனம், மனிதவளம், பயனர் ஆய்வு (ஒரு பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது) என்று பல பக்கம் போகிறார்கள். ஜெனிவீவ் பெல் என்ற மானிடவியலாளரை கணினிச் சிப் நிறுவனமான இன்டெல் 1998-லேயே வேலைக்கு எடுத்தது, அந்தக் கதவு இப்போதும் இருக்கிறது, ஆனால் 2022-க்குப் பிறகு பயனர் ஆய்வு வேலை கிடைப்பது கடினமாகிவிட்டது. நேர்காணல் எடுக்கவும் களக்குறிப்பு எழுதவும் தெரிந்த ஒருவருக்குப் புள்ளியியலோ புவியியல் தகவல் அமைப்போ (கணினியில் வரைபடத் தகவலைக் கையாளும் முறை) கூடத் தெரிந்தால் மதிப்பே வேறு, இரண்டாம் வருடத்திலேயே அந்தப் பாடங்களை எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மேற்படிப்பு. கடனை இப்போதே முழுசாக ஏற்றிவிட்டால், களத்தில் மேலே போகத் தேவையான முதுகலைக்கு என்ன செய்வீர்கள்? பட்டமேற்படிப்புக்கான 'கிராட் பிளஸ்' கடனும் 2026 ஜூலையிலிருந்து புதியவர்களுக்கு இல்லை, முதுகலைக்கு வருடம் 20,500 வரைதான். முனைவர் பட்டம் என்றால் கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் தரும் இடத்தில் மட்டுமே சேர வேண்டும், இதில் சமரசமே கூடாது.

உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துண்டு விழும் 7,000-ஐ அவள் பெயரில் வரும் கடன் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும், முதல் வருடம் 1,500 போல, இரண்டாம் வருடம் 500 மட்டும் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். முடிக்கும்போது அதிகபட்சம் 27,000 டாலர் கடன் என்பது சுமாரான முதல் வேலையின் ஒரு வருடச் சம்பளத்துக்கும் உள்ளேதான் நிற்கும்.

அதற்கு முன் இரண்டு வேலை. கல்வித்துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்ட்' தளத்தில் இரண்டு கல்லூரிகளின் மானிடவியல் பிரிவுக்கும் தனித்தனியாக வருமானமும் கடனும் பாருங்கள். மத்திய உதவி பெற்ற மாணவர்களின் கணக்கு மட்டும்தான் அதில் இருக்கும், சிறிய துறை என்றால் எண்ணே காட்டாது. பிறகு தனியார் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு, உங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் தந்த கடிதத்தின் நகலோடு, வருடம் 7,000-க்கு மேல் எங்களால் முடியாது, மீதியைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகையாகத் தர முடியுமா என்று மகள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மே 1-க்குள் பதில் வரும்படி முன்கூட்டியே அனுப்புங்கள். அவர்கள் இறங்கி வந்தால் அங்கேயே சேரட்டும்.