பொது நிர்வாகத்தில் பாலினக் கண்ணோட்டம் என்றால் பெண்களுக்குத் தனித் திட்டம் போடுவதுதானா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'பொது நிர்வாகமும் பாலினக் கண்ணோட்டமும்' என்று ஒரு பகுதி இருக்கிறது. கையேடுகளில் மகளிர் திட்டங்களின் பட்டியல்தான் கிடைக்கிறது. அவ்வளவுதானா? நடைமுறையில் பார்த்தவர்கள் யாராவது விளக்க முடியுமா?

பதில்:

பட்டியலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மதிப்பெண்ணுக்கு அது வேண்டும். ஆனால் விஷயம் அங்கே இல்லை.

நான் வருவாய்த் துறையில் இருக்கிறேன். தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில், அதாவது முதியோர், விதவை, கைவிடப்பட்ட பெண்கள் ஓய்வூதிய மனுக்கள் வந்து குவிகிற மேசையில், சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு விதியை எழுதியவர் மனதில் எந்த மாதிரி மனிதர் இருந்திருப்பார் என்று தேடிப் பார்ப்பதுதான் பாலினப் பார்வை என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. பெரும்பாலும் அந்த மனிதர் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர். அவர் பேரில் பட்டா இருக்கும். கையெழுத்துப் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெண் அந்த விதிக்குள் வந்தால் அவருடைய மனைவியாகவோ விதவையாகவோதான் வருவாள். மனைவியுமில்லாமல் விதவையுமில்லாமல் ஒருத்தி வந்து நின்றால் அலுவலகமே தடுமாறும்.

தடுமாறியதை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 1975-இல் வந்தது. கணவன் உயிரோடு இருந்தும் விட்டுவிட்டுப் போன பெண்களுக்குத் தனி ஓய்வூதியம் வர 1986 ஆகிவிட்டது. வந்ததே பெரிய விஷயம், பல மாநிலங்களில் அப்படி ஒரு வகையே அப்போது கிடையாது. ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். வயது 30 நிரம்பியிருக்க வேண்டும். அதோடு சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிரிந்து வாழ்வதற்கு நீதிமன்றச் சான்று வேண்டும், அதுவும் இல்லையென்றால் கைவிடப்பட்டுக் குறைந்தது 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்து இருபத்து மூன்றில் இரண்டு பிள்ளைகளோடு விடப்பட்டவளுக்கு இதில் இடமே இல்லை. பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதுதான் பணம் தேவை. விதியோ பிள்ளைகள் பள்ளியில் பாதி தாண்டிய பிறகு வரச் சொல்கிறது.

அடுத்து, கைவிடப்பட்டதை எப்படி நிரூபிப்பது? செத்தவனுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுக்கிறோம். ஓடிப்போனவனுக்கு எந்தப் பதிவேட்டிலும் பக்கம் இல்லை. எனவே கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பரிந்துரைத்து, கோப்பு மேலே வர வேண்டும். யாரிடம் விசாரிப்பார்? அக்கம் பக்கத்தில். அக்கம் பக்கத்தில் இருப்பது யார்? அவனுடைய அண்ணன் தம்பிகள். "அவன் வந்து போயிக்கிட்டுத்தான் இருக்கான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

ஒரு மனுதாரரிடம் என் பக்கத்து மேசைக்காரர், "எந்தத் தேதியில விட்டுட்டுப் போனான், சொல்லும்மா" என்று கேட்டார். அந்த அம்மா சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது. "போறேன்னு சொல்லிட்டா சார் போனாரு? திருப்பூருக்கு வேலைக்குப் போனாரு. மொதல்ல மாசம் ஒருக்கா வந்தாரு. அப்பறம் தீவாளிக்கு மட்டும் வந்தாரு. அப்பறம் வரல." இதில் எந்த நாளை விண்ணப்பத்தில் எழுதுவது? கேட்டவர் கெட்டவர் இல்லை, கட்டத்தை நிரப்பாமல் அவரால் மேலே அனுப்ப முடியாது. தாம்பத்தியம் முறிவது ஒரு நாளில் நடக்கிற சம்பவம் என்று அந்தக் கட்டத்தை வடிவமைத்தவர் நினைத்துவிட்டார். அவர் எந்தப் பெண்ணையும் வெறுத்து எழுதவில்லை, எந்தப் பெண்ணையும் கேட்டு எழுதவும் இல்லை.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையையும் இதே கண்ணால் பார்க்கலாம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. வீட்டு வேலைக்கு அரசு தருகிற மரியாதை என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள், அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. 2019-இல் எடுத்த முதல் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அப்படிப்பட்ட நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் சிறைக் கைதிகளோடும் சேர்த்து உழைக்காதோர் கணக்கில் வைத்ததை 2010-இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. அங்கிருந்து பார்த்தால் 1000 ரூபாய் நெடுந்தூரம் வந்திருக்கிறது.

ஆனால் தகுதி யாரைப் பார்த்து முடிவாகிறது? குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கர் வரை. மின்சாரம் வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குள். கார் இருக்கக் கூடாது. நிலமும் காரும் பெரும்பாலும் ஆண் பேரில், மின் இணைப்பு மாமனார் பேரில். அவற்றில் ஒரு பங்கும் கைக்கு வராத பெண், அவை வீட்டில் இருப்பதாலேயே விடுபடுகிறாள். பத்து ஏக்கர்காரர் மனைவி என்பதால் ஒருத்தி கையில் காசு புழங்கும் என்று நினைப்பது, கிராமத்துக் குடும்பங்களை உள்ளே போய்ப் பார்க்காதவர்கள் நினைப்பு. அரசிடம் இருக்கும் நிதிக்கு ஏதாவது வடிகட்டி வேண்டும்தான், மறுக்கவில்லை. குடும்பத்துக்குள் எல்லாம் சமமாகப் பங்கு போகிறது என்ற ஊகத்தில் நிற்கிற வடிகட்டி இது என்பதைத்தான் சொல்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் அந்த விதிமுறைகளில் யோசித்து எழுதிய இடங்களும் உண்டு. ரேஷன் அட்டையில் ஆண் தலைவராக இருந்தாலும் அவர் மனைவியைக் குடும்பத் தலைவியாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். திருமணமாகாத, தனியாக வாழ்கிற பெண்களையும், குடும்பத் தலைமை ஏற்கும் திருநங்கைகளையும் சேர்த்தார்கள். (தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-லேயே 18 வயது நிரம்பிய மூத்த பெண்தான் ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவர் என்று சொல்லிவிட்டது. உங்கள் வீட்டு அட்டையில் யார் பெயர், யார் படம் என்று ஒருமுறை பாருங்கள்.) முதல் மாதமே இன்னொரு கூத்து நடந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் வந்த ஆயிரத்திலேயே அபராதம் பிடித்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் காசே போடாத கணக்குகள் பெண்கள் பேரில்தான் அதிகம் கிடக்கும் என்று முன்கூட்டியே யாராவது யோசித்திருந்தால் அந்த அறிக்கைக்கே வேலையில்லை.

இதோடு ஒப்பிட்டால் பேருந்துத் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2021 மே 7-இல் பதவியேற்ற அன்றே முதலமைச்சர் ஸ்டாலின் கையெழுத்துப் போட்ட ஐந்து கோப்புகளில் ஒன்று அது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பிறகு திருநங்கைகளையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். இதில் மனு இல்லை, விசாரணை இல்லை, பரிந்துரை இல்லை. உன் புருஷன் என்ன செய்கிறான், நிலம் எவ்வளவு என்று நடத்துனர் கேட்பதில்லை. யாருடைய மனைவியாகவும் இல்லாமல் ஒரு பெண் நேராக அரசிடமிருந்து ஒன்றைப் பெறுகிறாள். ஓய்வூதிய மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆண் பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறான், வேலையிலிருந்து வீட்டுக்கு வருகிறான். பெண்ணோ பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஆஸ்பத்திரியில் மாமியாருக்கு மாத்திரை வாங்கி, சந்தையில் இறங்கி, வேலைக்குப் போய்த் திரும்புகிறாள். ஒரு நாளில் நாலைந்து சின்னப் பயணம், ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். கட்டணம் ஐந்து பத்து ரூபாய்தானே என்று ஒரு பயணத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு இந்தச் செலவு கண்ணில் படவே இல்லை. அந்த ஐந்து பத்துக்கும் வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய செய்தி. கண்டக்டர் கிழித்துக் கொடுக்கிற பூஜ்ய ரூபாய் டிக்கெட்டால் அரசுக்கு ஒரு லாபமும் கிடைத்தது. எத்தனை பெண்கள் எந்த வழித்தடத்தில் போகிறார்கள் என்ற கணக்கு முதல்முறையாகத் தனியாக வர ஆரம்பித்தது.

குறை இல்லாமல் இல்லை. டிக்கெட்டை இலவசமாக்கினால் பஸ் கூடிவிடாது. கடைசி வண்டி ஏழு மணிக்கென்றால் இலவசமானாலும் ஏழு மணிதான். பெண்கள் கூட்டமாக நிற்கும் நிறுத்தத்தைத் தாண்டி நூறு அடி தள்ளி நிறுத்துகிற ஓட்டுநர்களை எல்லோரும் பார்த்திருப்போம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி இறக்கிவிட்ட காட்சி ஊரெல்லாம் பரவியது, ஊழியர்கள் மீது நடவடிக்கையும் வந்தது. கர்நாடகம் 2023 ஜூன் 11-இல் சக்தி திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத்துக்குள் ஊர் விட்டு ஊர் போகிற சாதாரண வண்டிகளையும் சேர்த்துக்கொண்டது. நம்முடையது டவுன் பஸ் எல்லையிலேயே நின்றது, பின்னால்தான் மலைப்பகுதிகளுக்கு நீட்டினார்கள். பிறந்த வீட்டுக்குப் போக இன்னமும் பலருக்குக் கையில் காசு வேண்டும்.

அரசு பெண்களுக்கு என்ன கொடுக்கிறது என்று மட்டும் எழுதினால் பதில் பாதிதான். பெண்களிடமிருந்து என்ன வாங்கிக்கொள்கிறது என்பதையும் எழுதுங்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அங்கன்வாடியை நடத்துவது முழுக்கப் பெண்கள். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது எல்லாம் அவர்கள்தான். ஆனால் மத்திய அரசின் ஏட்டில் அவர்கள் வாங்குவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் உயர்த்தியபோது பணியாளருக்கு மாதம் 4500, உதவியாளருக்கு 2250 என்று வைத்தார்கள், அதற்கு மேல் மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று, காலத்தோடு உயர்கிற சம்பள விகிதம் ஒன்று இருப்பதால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2006-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கு ஒன்றில், அவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்லியது. 47 வருடம் கழித்து! குழந்தைக்குச் சோறூட்டுவது வீட்டில் அம்மா சும்மா செய்கிற வேலைதானே, வெளியில் செய்தால் மட்டும் என்ன சம்பளம் என்ற எண்ணம்தான் இத்தனை காலம் அந்த ஏட்டை எழுதியது என்பது என் கருத்து.

உள்ளாட்சி இடஒதுக்கீட்டைப் பற்றி எல்லாக் கையேடும் எழுதும். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக்கியது. பெண் தலைவரின் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காரும் கதையையும் எழுதுவார்கள், அது உண்மைதான். ஆனால் அதை வைத்துப் பெண்களைக் கேலி செய்கிற பலர் ஒரு சின்ன நடைமுறையைக் கவனிப்பதில்லை. நம் கிராம ஊராட்சியில் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தலைவராகி, ஆதிக்க சாதி ஆண் துணைத் தலைவராக வந்தால், அவர் பேனாவை மூடி வைத்தாலே போதும், தெருவிளக்குக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. பாலினத்தோடு சாதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாகப் பாலின வரவு செலவுத் திட்டம், தேர்வில் அடிக்கடி கேட்கிறார்கள். பட்ஜெட்டில் பெண்களுக்காக எவ்வளவு ஒதுக்கினோம் என்று காட்ட மத்திய அரசு 2005-06 முதல் தனி அறிக்கை வெளியிடுகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி, 30 முதல் 99 சதவீதம் பெண்களுக்கானவை இன்னொரு பகுதி. தொகை பெரிதாகத் தெரிந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரதமர் கிராமப்புற வீட்டு வசதித் திட்டம் முழுக்கப் பெண்களுக்கானது என்று முதல் பகுதியிலேயே வரும். வீட்டைப் பெண் பேரிலோ தம்பதி இருவர் பேரிலோ ஒதுக்க முன்னுரிமை தருகிறார்கள் என்பது சரி, அதற்காக அந்த வீட்டில் படுத்துத் தூங்குகிற ஆண்களை எங்கே அனுப்புவது? பெண்களுக்கு 30 சதவீதத்துக்கும் குறைவாகப் போகிற திட்டங்களுக்கென்று 2024-25-இல் மூன்றாவது பகுதி ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். பழைய கையேடுகளில் இன்னும் இரண்டு பகுதி என்றுதான் இருக்கும், அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.