ரேவஸிலிருந்து ரேடி வரை: கொங்கண் கடலோரச் சாலை பற்றிக் கேட்டவர்களுக்கு

மும்பை செம்பூரில் இருந்துகொண்டு, மகாராஷ்டிரக் கரையோரம் ரேவஸ் முதல் ரேடி வரை போகும் இந்தச் சாலையில் நாலைந்து தடவை வண்டி ஓட்டியவன் என்பதுதான் என் தகுதி. கேளுங்கள், அவரவர் பேட்டைப் பெயர் போட்டுப் பதில் சொல்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: கடற்கரை மணலில் காரை இறக்காதீர்கள்.

சயான்: முழுக்கக் கடலை ஒட்டியே போகலாமா சார்? எத்தனை நாள் ஆகும்?

போகலாம், ஆனால் ஒரே சாலை என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். 1980களின் தொடக்கத்தில் மகாராஷ்டிர முதல்வராக இருந்த அந்துலேயின் யோசனை இது. இன்றைக்கும் ஊர்ச்சாலைகளைக் கழிமுகங்கள் துண்டு போட்டுத்தான் வைத்திருக்கின்றன. அலிபாக், ரேவ்தண்டா, முருட் தாண்டி அகர்தண்டாவில் ஜங்கல் ஜெட்டி, அதாவது கார் ஏற்றும் படகு, அக்கரையில் திகி. ஹரிஹரேஷ்வர் தாண்டி பாக்மாண்ட்லாவில் ஏறி வேஸ்வியில் இறங்கணும். அப்புறம் தாபோல்–தோபாவே, கடைசியாக தவ்சால்–ஜெய்கட். அதன் பிறகு கண்பதிபுலே, ரத்னகிரி, தேவ்கட், மால்வண், வெங்குர்லா என்று பாலங்களிலேயே போய்விடலாம். சுமார் 500 கி.மீ.தான், இருந்தாலும் நாலு நாள் வையுங்கள். படகுக்குக் காத்திருக்கும் நேரம் மேப்பில் தெரியாது.

மாட்டுங்கா: இது மரைன் டிரைவ் சுரங்கம் வழியாகப் போகுமே, அந்த கோஸ்டல் ரோடா?

இல்லை. அது மும்பைக்குள்ளேயே வொர்லி போகிறது.

காட்கோபர்: மேப் 66ஆம் நெடுஞ்சாலையைக் காட்டுகிறது. அதுவும் கடலோரம்தானே?

பெயருக்குத்தான். மகாராஷ்டிரத்தில் அது பன்வேல், மகாட், சிப்ளூண், கூடாள் என்று உள்நாட்டிலேயே ஓடும். கடல் பக்கத்தில் வரவேண்டுமென்றால் கர்நாடகத்தில் கார்வார், மரவந்தே வரை பொறுக்கணும்.

தாராவி: அண்ணே, இப்படியே திருநெல்வேலி போயிடலாமா?

பிள்ளைகுட்டியோடு வேண்டாம் தம்பி. புனே, பெங்களூர், சேலம், மதுரை வழியே போங்க.

முலுண்ட்: நம்ம ஈ.சி.ஆர். மாதிரி நேராகப் போட இவர்களுக்குத் தெரியவில்லையா?

இதை விடமாட்டேன். நம் கரை தட்டை. மணல்மேடுகள் கடலுக்கு இணையாகவே ஓடும், சாலையும் கூடவே ஓடும். பாலாறே வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான், வாயலூரில் ஒரு பாலத்தோடு முடிந்தது. கொங்கணில் சஹ்யாத்ரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை, கடலை நெருங்கி நிற்கிறது, மழையோ கொட்டித் தீர்க்கும், குட்டை ஆறுகள் பள்ளத்தாக்கை ஆழமாக அறுத்துவிட்டன. பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறியபோது அந்தப் பள்ளங்களில் உப்புநீர் புகுந்தது. தாபோலில் நுழையும் கடல் சிப்ளூண் பக்கம் வரை ஏறும். படகு இல்லையா, எதிரே தெரிகிற கரைக்குப் போக கேட், சிப்ளூண் ஊர்கள் வழியாகச் சுற்றணும். நடுவே செம்பூராங்கல் எனும் செம்பாறை மேடுகள் கடலில் செங்குத்தாக இறங்கும், ஒவ்வொரு காடிக்கும், அதாவது கழிமுகத்துக்கும், இறங்கி ஏறித்தான் ஆகணும்.

முலுண்ட்: சரி, அந்துலே காலத்திலிருந்து நாலு பாலம் போட முடியாதா?

அது நியாயமான கேள்வி. அதற்கு பூகோளத்தைக் குறை சொல்ல முடியாது.

பாண்டுப்: திவேஆகர் மணல் கெட்டியாக இருக்குமாமே, கார் ஓட்டலாமா?

மேலேயே சொன்னேன்! கெட்டி என்று நம்பி அதே ஊரில் என் வண்டியை இறக்கியவன் நான். டிராக்டர் வந்து இழுக்கும்போது அலை பின் சக்கரத்தை நக்கிக்கொண்டிருந்தது.

வாஷி: சுரங்கத்திலிருந்து எத்தனை நிமிஷம்?

மாட்டுங்காவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

டோம்பிவிலி: ஜூலையில் போகலாமா? அம்மாவும் வருகிறார்கள்.

காற்று, மழை பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள், கரையில் போய் நின்று ஏமாறுவீர்கள். நவம்பரில் கூட்டிப் போங்கள். நீர் வற்றும் நேரத்தில் இறங்குதளம் பாசியாக இருக்கும், அம்மாவை வண்டிக்குள்ளேயே உட்கார வையுங்கள்.