வாளித் தண்ணீரில் பார்த்த பிறகு பெயின்ட்: மர லூர் கேள்வி-பதில்

(குமரி மாவட்டம் கொல்லங்கோட்டில் வள்ளம் கட்டும் ஆசாரியாக இருந்து, இப்போது தூண்டில்காரர்களுக்கு மரத்தில் டாப்வாட்டர் லூர் (தண்ணீரின் மேல்மட்டத்தில் ஓடும் போலி இரை) செய்து கொடுப்பவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

அண்ணே, கடையில் வாங்கிய, ஒல்லியாக நீண்ட பென்சில் லூரை அளவெடுத்து அதே வடிவத்தில் மரத்தில் செதுக்கினேன். கடைச் சரக்கு தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு வருகிறது. என்னுடையது நேராக ஓடி வருகிறது. எங்கே கோளாறு?
– பாறசாலை வாசகர்

தம்பி, வடிவத்தில் கோளாறு இருக்காது. இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கடைச் சரக்கு மூக்கை மட்டும் வெளியே காட்டி வாலைத் தாழ்த்தி நிற்கும். உங்களுடையது தட்டையாகப் படுத்துக் கிடக்கும் என்றுதான் நினைக்கிறேன். டாப்வாட்டர் லூர் சும்மா கிடக்கும்போது எந்தச் சாய்வில் கிடக்கிறதோ, அதுதான் அதன் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. வாலில் எடை இருந்தால் வால் இருந்த இடத்தில் நிற்கும், மூக்கு மட்டும் திரும்பும். நூலை ஒரு வெட்டு வெட்டி உடனே தளர விட்டால் ஒரு பக்கம், அடுத்த வெட்டில் மறுபக்கம். தட்டையாகக் கிடப்பதையும் ஆட வைக்கலாம், அதற்குக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

ஈயத்தை எங்கே வைப்பது என்று கண்ணால் மதிப்பிட்டுத் துளை போடாதீர்கள். நான் செய்யும் முறை இது. செதுக்கித் தேய்த்த கட்டைக்கு முதல் பூச்சாக சீலர் (மரம் தண்ணீர் குடிக்காமல் அடைக்கும் பூச்சு) கொடுத்துக் காய வைப்பேன். பச்சை மரமாகத் தண்ணீரில் விட்டால் அது குடித்து எடை மாறிவிடும். அப்புறம் முள், வளையம் எல்லாவற்றையும் மாட்டி, ஈயத் துண்டை வயிற்றுப் பக்கம் ரப்பர் பேண்டால் கட்டி வாளியில் விடுவேன். ஈயத்தை ஒரு நெல் அளவு பின்னால் தள்ளினாலே மூக்கு நிமிர்வது தெரியும். பென்சில் என்றால் கட்டை தண்ணீர் மட்டத்திலிருந்து 30, 40 டிகிரி சாய்ந்து நிற்கும் இடம் வரை தள்ளுவேன். விரலால் மூக்கை அமுக்கி விட்டால் தயங்காமல் அதே நிலைக்குத் திரும்ப வேண்டும். ஒரு பக்கமாக உருண்டு படுத்தால் ஈயம் நடுக்கோட்டில் இல்லை. எல்லாம் சரி என்று பட்ட பிறகுதான் பென்சிலால் குறி போட்டு, 6 மி.மீ. துளை, ஈயம், எபாக்ஸி.

கணக்கும் ஒன்று உண்டு. 10 செ.மீ. நீளம், நடுவில் 2 செ.மீ. பருமன், இரு முனையும் ஒடுங்கியது என்றால் அந்தக் கட்டை சுமார் 20 மில்லி தண்ணீரை ஒதுக்கும். அளவு போட்ட ஜாடியில் முழுசாக அமுக்கி நீங்களே அளக்கலாம். மரம், கம்பி, முள், ஈயம், பெயின்ட் எல்லாம் சேர்ந்து 20 கிராமைத் தொட்டால் மூழ்கிவிடும். 16, 17 கிராமில் நிறுத்துங்கள். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். குளத்தில் சரியாக நின்ற லூர் பூவார் பொழியில் (நெய்யாறு கடலில் சேரும் இடம்) உப்பேறிய காலத்தில் கொஞ்சம் தூக்கி நிற்கும், மழைக்காலத்தில் நெய்யாறு தண்ணீரைக் கொண்டுவந்து தள்ளும்போது தாழும். அரை கிராம் வித்தியாசம்தான், ஆனால் வால் தாழ்ந்து நிற்கும் கட்டையில் அது நன்றாகவே தெரியும்.

நூல் கட்டும் வளையம் மூக்கு நுனியில் வேண்டாம், சற்றுக் கீழே, தாடையில் இருக்கட்டும். லீடருக்கு (லூரை ஒட்டிக் கட்டும் முனை நூல்) ஃப்ளோரோகார்பன் நூல் போட்டிருந்தால் மாற்றுங்கள். அது சீக்கிரம் மூழ்கி மூக்கைக் கீழே இழுக்கும். சாதாரண நைலான் போதும்.

லூருக்குச் சொல்லும் லேசான பால்சா மரம் இங்கே கிடைக்கவில்லை. தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரம் நிறையக் கிடக்கிறது. அதில் செய்யலாமா?
– குலசேகரம் வாசகர்

வேண்டாம். ரப்பர் மரத்தை வெட்டியவுடன் மருந்து ஏற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், உளு அரிக்கும். அதைச் சமாளித்தாலும் கனமான மரம் அது. கட்டையே எடையைத் தின்றுவிட்டால் ஈயம் வைக்க உங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? ஈயம் வைக்க இடமில்லாத கட்டையில் சாய்வை நம் இஷ்டத்துக்குக் கொண்டுவர முடியாது.

பால்சாவைத் தேடி அலையவும் வேண்டாம். எங்கள் கரையில் கட்டுமரத்துக்குப் போட்ட அல்பீசியா தடி இருக்கிறதே, ஒரு கன மீட்டர் 300 கிலோ அளவில்தான் வரும். கேரளத்துப் பக்கம் மரக்கடைகளில் கேட்டால் கிடைக்கும். மிருதுவான மரம், அதனால் மேல்பூச்சு தடிமனாக வேண்டும், இல்லையென்றால் விரால் பல் பதிந்துவிடும். எனக்குப் பிடித்தது குமிழ். அல்பீசியாவைவிடக் கனம், தேக்கைவிட நன்றாகவே லேசு. உளிக்கு வெண்ணெய் மாதிரி ஒத்துழைக்கும், காய்ந்த பிறகு முறுக்கிக்கொள்ளாது. ஏழிலைப்பாலையும் நல்ல மரம்தான். தேக்கு, பலா எல்லாம் கடலில் பாரைக்கு எறியும் பெரிய லூருக்கு வைத்துக்கொள்ளலாம். காற்றை எதிர்த்துத் தூரம் போக அங்கே கனம் வேண்டும்.

எந்த மரமானாலும் நிழலில் காய வையுங்கள். அறுத்த இரு முனைகளிலும் கொஞ்சம் பெயின்ட் அடித்து வைத்தால் வெடிப்பு வராது. இன்னொன்று, சதுரக் கட்டையாக இருக்கும்போதே வாயிலிருந்து வால் வரை கம்பிக்கான வாளறுப்பைப் போட்டுவிடுங்கள். உருட்டிச் செதுக்கிய பிறகு நடுக்கோடு பிடிப்பது பெரும் பாடு. 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி ஒரே துண்டாக உடல் முழுக்க ஓட வேண்டும். திருகாணிக் கொக்கி மரத்தை நம்பி நிற்கிறது. மீன் உடம்பை முறுக்கும்போது மரம் விட்டுக்கொடுத்தால், வாயில் முள்ளோடு மீன் போய்விடும். அந்த மீனுக்காகவாவது கம்பியை முழுசாக ஓட்டுங்கள்.

ஆசாரி மாமா, நான் செய்த பாப்பர் (வாய் குழிந்து, இழுத்தால் சத்தம் எழுப்பும் லூர்) பொழியில் நன்றாக வேலை செய்தது. சில வாரத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்து, கட்டையும் விரிந்துவிட்டது. வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரி முந்திரி ஓட்டு எண்ணெய் பூசினால் நிற்குமா?
– பொழியூர் வாசகர்

வள்ளத்துக்கு அது அருமையான எண்ணெய் மக்களே, பலகையைப் புழு அரிக்காமல் காக்கும். லூருக்கு வேண்டாம். கறுத்துப் போகும், அதன்மேல் பெயின்ட் சரியாக ஒட்டாது. சுத்தம் செய்யாத எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். லூர் நாள் முழுக்கக் கையில் புழங்குகிற சாமான்.

உங்கள் லூருக்குள் தண்ணீர் போனது பெரும்பாலும் முள் வளையம் இறங்கும் துளை வழியாகத்தான். வெளியே எத்தனை கோட்டு அடித்தாலும் அந்தத் துளையின் உள்சுவர் பச்சை மரமாகவே இருந்தால் பயனில்லை. மரத்தின் நரம்பு திறந்து நிற்கும் இடம் வாயும் வாலும், அங்கேதான் தண்ணீர் வேகமாக ஏறும். பாப்பருக்கு வாய்க் குழிவு முழுக்க அப்படிப்பட்ட இடம். தின்னர் நிறையக் கலந்த சீலரில் கட்டையை முக்கி எடுங்கள், குமிழி வருவது நிற்கும் வரை உள்ளேயே கிடக்கட்டும். காய்ந்ததும் மயிர் எழும்பியிருக்கும், 320 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி முக்குங்கள். துளைகளுக்குள் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. அதன்மேல் பெயின்ட், கடைசியில் எபாக்ஸி அல்லது இரண்டு பாகம் கலக்கும் பியூ (பாலியூரிதேன்) கிளியர். இதை மழை நாளில் செய்யாதீர்கள். ஈரக்காற்றில் எபாக்ஸி பால் பூத்துப் போகும். நம் பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் நான் செதுக்கும் வேலை மட்டும்தான் பார்ப்பேன், பூச்சு வேலைக்கு வெயில் வரட்டும் என்று வைத்துவிடுவேன்.

தண்ணீர் குடித்த பாப்பர் உடைவதற்கு முன்னாலேயே கெட்டுவிடுகிறது. எடை கூடி வாய் தண்ணீருக்குள் இறங்கி, இழுத்தால் ‘ப்ளப்’ என்ற சத்தம் வராது. சத்தம் மந்தமானால் தராசில் வைத்துப் பாருங்கள். செய்த அன்றே எடையை வயிற்றில் எழுதி அதன்மேல் கிளியர் அடித்து வைத்தால் ஒப்பிட வசதி.

முதன்முதலில் மரத்தில் இப்படிச் செய்தது யார்?
– செங்கோட்டை வாசகர்

முதல் ஆள் யாரென்று உறுதியாகக் கைகாட்ட முடியாது. தொழிலாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஜேம்ஸ் ஹெடன். 1890களின் இறுதியில் மரத்தில் தவளை செதுக்கினார். அவர் நிறுவனம்தான் பிறகு ஜாரகோசா என்ற மர லூரைக் கொண்டுவந்தது. அதுவே பிளாஸ்டிக்கில் ஜாரா ஸ்பூக் ஆகி இன்றும் விற்கிறது. பாறசாலைத் தம்பி அளவெடுத்த பென்சில் அந்த வம்சம்தான். பின்லாந்தில் லௌரி ரபாலா 1936இல் தக்கையில் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, வார்னிஷுக்கு ஃபிலிம் சுருளை உருக்கிப் பூசினார். கைக்குக் கிடைத்ததை வைத்தே உலகத் தரத்தில் செய்த மனிதர் அவர். அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எங்கள் தாமரைக் குளத்தில் ட்ரெபிள் முள் (மூன்று கொக்கி முள்) போட்டால் ஒவ்வொரு வீச்சிலும் இலைதான் வருகிறது. ரப்பர் தவளை மாதிரி மரத்தில் செய்ய முடியுமா? என்ன நிறம் அடிக்கலாம்?
– சுசீந்திரம் வாசகர்

செய்யலாம், ஆனால் ரப்பர் தவளையின் வேலையை மரத் தவளை முழுசாகச் செய்யாது. ரப்பர் தவளை உள்ளே வெற்று. விரால் கடித்ததும் நசுங்கி முள் வெளியே வரும். மரம் நசுங்காது. அதனால் முதுகை ஒட்டி மேல்நோக்கி வைக்கும் இரட்டை முள்ளுக்கும் முதுகுக்கும் நடுவே சிறிது இடைவெளி விட வேண்டும். இடைவெளி கூடினால் இலையில் மாட்டும், குறைந்தால் மீன் நழுவும். ஈயம் வயிற்றில் நன்றாகத் தாழ்ந்து இருக்கட்டும், கவிழ்ந்து விழுந்தாலும் முள் மேலே பார்க்கத் திரும்ப வேண்டும். அடர்ந்த இலைக்கு ரப்பரையே போடுங்கள். இலைகளுக்கு நடுவே தெரியும் திறந்த தண்ணீருக்கு மரத்தைக் கொண்டுபோங்கள். அங்கே அதன் கனமான ‘தொப்’ சத்தத்துக்கு ஈடு கிடையாது.

நிறம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மீன் கீழிருந்து பார்க்கிறது, அதற்குத் தெரிவது வானத்தை மறைக்கும் நிழல் உருவம். வயிறு கறுப்போ வெள்ளையோ போதும். முதுகை உங்கள் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் அடியுங்கள்.

விரால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே லூரை எறிந்தால் தாய் மீன் நிச்சயம் அடிக்கிறது. அதற்கென்றே சின்ன லூர் செய்து தருவீர்களா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், நெய்யாற்றின்கரை

செய்து தர மாட்டேன். அந்த மீன் பசிக்கு அடிக்கவில்லை. செம்மஞ்சள் குஞ்சுகள் மூச்சுக்காக மேலே வரும்போது தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கின்றன. நெருங்கும் எதையும் விரட்டத்தான் அடிக்கின்றன. காவலைப் பிடுங்கிவிட்டால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். கேரளத்தில் மழைக்கு முட்டையிட ஏறிவரும் மீனைப் பிடிக்கும் ‘ஊத்தப்பிடித்தம்’ சட்டப்படி குற்றம். எல்லைக்கு இந்தப் பக்கமும் நாம் அதையே நியாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் வேறு கரைக்குப் போங்கள். மற்ற நாளிலும் முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் அமுக்கிவிட்டால், சின்ன மீனைக் காயமில்லாமல் திருப்பி விடலாம்.

என் மகளுக்குப் பத்து வயது. தானும் செய்ய வேண்டும் என்கிறாள். எதில் தொடங்கலாம்?
– களியக்காவிளை வாசகி

நல்லது அம்மா. காய்ந்த தென்னை மட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொடுங்கள். உளி வேண்டாம், மரத்துண்டில் ஒட்டிய 80 எண் உப்புத்தாளிலேயே தேய்த்து வடிவம் கொண்டுவந்துவிடுவாள். ஈயத்தைச் சின்னக் கை தொட வேண்டாம். சிறிய இரும்பு நட்டுகளை ரப்பர் பேண்டில் கட்டி, எங்கே வைத்தால் மூக்கு நிமிர்கிறது, எங்கே வைத்தால் கவிழ்கிறது என்று தொட்டியில் பார்க்கட்டும். தென்னை மட்டை தண்ணீர் குடிக்கும், மறுநாள் வேறு மாதிரி நிற்கும். ஏன் என்று கேட்பாள். அப்போது குமிழ் கட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள். முள் மாட்டுவது மட்டும் நீங்கள்.