காய்க்காத சீந்தில் மலடா? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: எங்க வீட்டு வேப்பமரத்துல சீந்தில்கொடி ஏறி அஞ்சு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் பூக்குது, ஒரு பழம்கூட பிடிக்கல. மலட்டுக்கொடி, வெட்டிப் போடுங்கன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. வெட்டிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வெட்டாதீங்கம்மா, அது மலடு இல்ல, ஆண் கொடியா இருக்கும். சீந்தில்ல ஆண் தனிக்கொடி, பெண் தனிக்கொடி, பனைமரம் மாதிரிதான். அடுத்த தடவ பூக்கும்போது கிட்டப் போய்ப் பாருங்க, பூ கடுகு கணக்கா பச்சமஞ்சளா இருக்கும், கொத்துக் கொத்தா இருந்தா ஆணு, ஒண்ணொண்ணா தனியா நின்னா பெண்ணு. பெண்கொடிலதான் பட்டாணி சைஸ்ல செக்கச்செவேல்னு பழம் வரும்.

சீந்தில் மட்டும் இல்ல, அது சேர்ந்த தாவரக் குடும்பமே அப்படித்தான். மெனிஸ்பெர்மேசியேன்னு பேரு, கிரேக்கத்துல நிலா விதைன்னு அர்த்தம். ஏன் அந்தப் பேருன்னு தெரியணும்னா வேலியில கிடக்குற கட்டுக்கொடியோட கருநீலப் பழத்த பிதுக்கிப் பாருங்க, உள்ள கொட்டை பிறை மாதிரி வளைஞ்சு கிடக்கும். (அதே கட்டுக்கொடி இலைய தண்ணில கசக்கி வச்சா கொஞ்ச நேரத்துல ஜெல்லியா உறையுமே, சின்ன வயசுல செஞ்சிருப்பீங்க.) இந்தக் குடும்பத்துல சுமார் 70 பேரினம் இருக்கு, பெரும்பாலும் வெப்பமண்டலக் காட்டுல மரத்த சுத்தி ஏறுற கட்டைக்கொடிங்க, பற்றுக்கம்பி கிடையாது, தண்டே முறுக்கிக்கிட்டு ஏறும். மரமஞ்சளும் இந்தக் குடும்பம்தான், அத காட்டுல வெட்டி வெட்டியே அருக வச்சிட்டோம், எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் அது. தென் அமெரிக்கப் பழங்குடிங்க அம்புல தடவுற குராரே விஷம் எடுக்குற கொடிகள்ல ஒண்ணும் இந்தக் குடும்பம்தான், அந்தக் குராரேயதான் 1942-ல மான்ட்ரியல்ல ஆபரேஷனப்ப தசை தளர்றதுக்கு மயக்க மருந்தோட சேத்துக் குடுத்தாங்க.

உங்க கொடிக்கு வருவோம். முத்தின தண்ட குறுக்க வெட்டிப் பாத்தா மாட்டுவண்டி சக்கரத்து ஆரக்கால் மாதிரி கோடு கோடா தெரியும், மேல தோல் பேப்பர் மாதிரி உரியும். நீங்க அடியில வெட்டினாலும் அது சாகாது, மேல இருந்து நூல் மாதிரி வேர இறக்கி மண்ணத் தொட்டுடும். பழம் வேணும்னா பழம் பிடிக்குற கொடில இருந்து ஒரு முழம் தண்டு வாங்கிட்டு வந்து அதே வேம்புக்குக் கீழ ஊணி வைங்க. கஷாயம் வைக்கணும்னா மட்டும் டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க, தண்டு பூரா மரு மருவா இருக்குற வேற ஒரு சீந்திலும் இருக்கு, அது ஈரலுக்கு ஆகாது.