கேட்டது 666, கிடைத்தது 644

கேள்வி: குலசேகரத்தில் சித்தப்பாவின் ரப்பர் ஷீட் கடைக்கு, லினக்ஸ் கணினியில் ஓடும் எடைக் கணக்கு புரோகிராம் ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறேன். நாளுக்கு ஒரு ஃபைல். காலையில் நான் பதிவேன், மாலையில் சித்தப்பா. இருவருக்கும் தனித்தனி லாகின். ஃபைலைத் திறக்கும் ஓப்பன் அழைப்பில் அனுமதி எண்ணாக 0666 கொடுத்தும், நான் உருவாக்கிய ஃபைலில் அவரால் எழுத முடியவில்லை. பிழை எண் 13 வருகிறது. 777 போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்த ஃபைலில் இருப்பது பால் வெட்டுகிறவர்களின் கணக்கு. மழை பிடித்தால் வெட்டு நின்றுவிடும். வெட்டு நடந்த நாட்களின் எடைதான் அவர்களுக்குக் காசு. 777 என்றால் அந்தக் கணினியில் லாகின் உள்ள யார் வேண்டுமானாலும் அந்த எடையைத் திருத்தலாம். போதாததற்கு, வெறும் கணக்கு ஃபைலுக்கு புரோகிராம்போல ஓடும் உரிமையும் சேர்ந்துகொள்ளும்.

நீங்கள் 0666 கேட்டது உண்மை. ஆனால் ஓப்பன் அழைப்பில் தரும் எண், ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்ற உச்சவரம்பு மட்டுமே. ஃபைல் புதிதாக உருவாகும்போது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதிலிருந்து யூமாஸ்க்கை, அதாவது எந்த உரிமைகளைத் தரக்கூடாது என்று சொல்லும் எண்ணை, கழித்துவிட்டுத்தான் தரும். டெர்மினலில் யூமாஸ்க் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 0022 என்று வரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கடைசி மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகியோருக்கு; இவற்றின் கூட்டல்தான் ஒவ்வொரு இலக்கமும். உங்கள் 6 என்பது 4-ம் 2-ம். யூமாஸ்க்கில் உள்ள 2, குழுவிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் எழுதும் உரிமையை எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது 0644. சித்தப்பா படிக்கலாம், எழுத முடியாது. (கழித்தல் என்று சொன்னாலும் இது சாதாரணக் கழித்தல் அல்ல. யூமாஸ்க் 0033 என்றால் 6-இல் 3 போய் 3 மிஞ்சாது, 4 மிஞ்சும். இல்லாத உரிமையை எடுக்க முடியாதல்லவா?)

இனி வழி. கடைக்கென்று ஒரு குழுவை உருவாக்கி இருவரையும் அதில் சேருங்கள். கணக்கு ஃபோல்டரை அந்தக் குழுவுக்கு மாற்றி, அனுமதியை 2770 ஆக்குங்கள். முன்னால் நிற்கும் 2 முக்கியம்: அந்த ஃபோல்டரில் யார் புது ஃபைல் உருவாக்கினாலும் அது கடைக் குழுவுக்கே சேரும். அது இல்லையென்றால் ஃபைல் உங்கள் சொந்தக் குழுவில் போய் விழும், சித்தப்பா மறுபடியும் வெளியே நிற்பார். பிறகு புரோகிராமின் தொடக்கத்திலேயே யூமாஸ்க் அழைப்பில் 0007 கொடுங்கள். ஓப்பனில் 0666-ஐ 0660 ஆக்குங்கள். அவ்வளவே.

‘ஃபைலை உருவாக்கிய பின், அனுமதியை மாற்றும் சிஎச்மோட்டை அழைத்தால் ஆகாதா?’ என்று கேட்பீர்கள். ஆகும், உருவாக்கியவர் அழைத்தால். ஒரு ஃபைலின் அனுமதியை மாற்றும் உரிமை அதன் உரிமையாளருக்கும் ரூட் எனப்படும் கணினி நிர்வாகிக்கும் மட்டுமே. குழுவில் இருந்தால் போதாது. சித்தப்பா மாற்றப் போனால் பிழை எண் 1 வரும். 13 என்றால் ‘உள்ளே விட மாட்டேன்’, 1 என்றால் ‘இந்த வேலை உன்னுடையதல்ல’. இரண்டும் வேறு வேறு நோய். எண்ணைத் திரையில் காட்டும்படி புரோகிராமை எழுதிவிட்டால் பாதி நேரம் மிச்சம். உரிமையாளராகவே மாற்றுவதென்றாலும், பெயரைச் சொல்லி மாற்றும் சிஎச்மோட்டைவிட, திறந்து கையில் வைத்திருக்கும் ஃபைலையே மாற்றும் எஃப்சிஎச்மோட் எனக்குப் பிடிக்கும். இடையில் அதே பெயரில் வேறு ஃபைல் வந்து உட்கார்ந்தாலும் தவறான இடத்தில் கை படாது.

இன்னொன்று, நானே ஒருமுறை பாதி நாள் தேடிக் கண்டுபிடித்தது. சி மொழியில் 0660-இன் முன் நிற்கும் சுழியத்தை விட்டுவிடாதீர்கள். வெறும் 660 என்று எழுதினால் கம்பைலர் அதைப் பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். அனுமதி எண்களை எழுதும் எட்டடிமானத்தில் (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டுமே உள்ள முறை) அது 1224. சிஎச்மோட் அழைப்பில் அதைக் கொடுத்தால் ஃபைல் உரிமையாளர் அதில் எழுதலாம், ஆனால் அவராலேயே படிக்க முடியாது. யாரோ ஒருவர் படிக்கலாம்! கம்பைலர் இதற்கு ஒரு எச்சரிக்கைகூடத் தராது. டெர்மினலில் தட்டும் சிஎச்மோட் கட்டளை 660-ஐ எட்டடிமானமாகவே எடுத்துக்கொள்வதால், அந்தப் பழக்கத்தில் இங்கே கை தவறுவது மிக எளிது.

அழிப்பதையும் யோசியுங்கள். ஒரு ஃபைலை அழிக்கலாமா என்பதை ஃபைலின் அனுமதி தீர்மானிப்பதில்லை. அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதிதான் தீர்மானிக்கும். 2770 ஃபோல்டரில் நீங்கள் எழுதியதை சித்தப்பா தெரியாமல் அழித்துவிடலாம். ஆகவே கடை அடைக்கும்போது அன்றைய ஃபைலின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

குழுவில் சேர்த்த பிறகு இருவரும் ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வர வேண்டும். அதுவரை புதுக் குழு கணக்கில் வராது. யூமாஸ்க் இனி உருவாகும் ஃபைல்களைத்தான் தொடும். பழைய ஃபைல்களை ரூட்டாக ஒரே தடவையில் கடைக் குழுவுக்கு மாற்றி, 660 ஆக்கிவிடுங்கள்.